மலையில் கிடைத்த வண்டு: இனம் காண்பதும் விவரிப்பதும்

மலைக்காட்டில் இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி விளக்குப் போட்டால் சிறிது நேரத்திலேயே பழுப்பு வண்டுகள் வந்து மோதத் தொடங்கும். பகலில் சாணத்தைப் புரட்டினால் 3 மில்லிமீட்டர் நீளத்தில் சில, கட்டைவிரல் நகம் அளவில் சில என்று கருப்பு வண்டுகள் நாலாபுறமும் சிதறி ஓடும். இரண்டு இடத்திலும் கிடைப்பவற்றில் பல, ஸ்கராப் என்ற பெரிய வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சாணத்தை உருட்டிக்கொண்டு போகும் வண்டு, தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, பயிரின் வேரைத் தின்னும் வெள்ளைப் புழு வளர்ந்து ஆகும் வண்டு எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

கையில் இருப்பது ஸ்கராப் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எந்தச் சிற்றினம் என்று சொல்லப் பல மாதங்கள் ஆகலாம். இதுவரை யாரும் பெயர் வைக்காத சிற்றினம் என்று சொல்ல அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிற்றினத்தை விவரிப்பது என்றால், அது தன் நெருங்கிய உறவினங்களிலிருந்து எங்கே, எதில் பிரிகிறது என்று காட்டுவது. கையிலுள்ள வண்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு வண்டுகள் இல்லாவிட்டால் இந்த வேலை நகராது.

குடும்பம், பேரினம்

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். ஸ்கராப் வண்டின் உணர்கொம்பு குட்டையானது. பெரும்பாலும் 10 கணுக்கள் அல்லது அதற்கும் குறைவு. நுனியில் உள்ள மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்கள் தட்டையான ஏடுகளாக ஒரு பக்கமாக நீண்டிருக்கும். மணம் பிடிக்கும்போது வண்டு அவற்றை விசிறிபோல விரிக்கும், மற்ற நேரத்தில் இறுக்கமாக மூடி வைத்துக்கொள்ளும். மான்கொம்பு வண்டுகளுக்கும் நுனியில் ஏடுகள் உண்டு. ஆனால் அவை இப்படி நெருங்கி மூடுவதில்லை. ஜியோட்ரூப்பிடே என்ற அண்டைக் குடும்பத்து வண்டுகளும் சாணத்தில் கிடைக்கும். அவற்றின் உணர்கொம்பில் 11 கணுக்கள். ஆகவே கைலென்ஸ் வைத்து எண்ணிவிடுவது நல்லது.

அடுத்தது முன்கால். மண் தோண்டுவதற்கு ஏற்றபடி கீழ்க்கால் அகன்று, வெளி விளிம்பில் பற்கள் வைத்திருக்கும். இந்தப் பற்களின் எண்ணிக்கையும் அமைப்பும் பின்னால் நிறையப் பயன்படும்.

குடும்பம் தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட ஸ்கராப் சிற்றினங்கள் 30,000 அளவில் உள்ளன. ஆன்தோபேகஸ் என்ற ஒரே ஒரு சாணி வண்டுப் பேரினத்தில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. இந்தக் கூட்டத்துக்குள் வழி தேட உதவுவது இனங்காண் திறவுகோல். ஒவ்வொரு படியிலும் இரண்டு கூற்றுகள் இருக்கும். “முகத்தகட்டின் முன்விளிம்பில் இரண்டு பற்கள்” அல்லது “முன்விளிம்பு வழுவழுப்பான வளைவு” என்பது போல. (முகத்தகடு என்பது தலையின் முன்புறத்தில் உள்ள தட்டு.) பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தால் அது அடுத்த படிக்கு அனுப்பும்; கடைசியில் ஒரு பெயரில் நிற்கும்.

இங்கேதான் புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். திறவுகோலுக்கு, அதை எழுதியவர் அறிந்த சிற்றினங்கள் மட்டும்தான் தெரியும். அதற்குள் இல்லாத வண்டைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தத்தான் செய்யும். அதனால் திறவுகோல் தரும் பெயரைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாமல், சோதிக்க வேண்டிய முதல் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிற்றினத்தின் முழு விவரிப்பை எடுத்து வரிவரியாகப் பொருத்திப் பார்த்து, எங்காவது இடித்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். புதிய சிற்றினங்கள் பலவும் இப்படி இடிக்கிற ஒரு வரியில்தான் முதலில் தலைகாட்டுகின்றன.

மலை ஏன் தனிக் கதை

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைகிறது. உச்சியின் குளிருக்குப் பழகிய வண்டுக்கு, கீழேயுள்ள வெப்பமான பள்ளத்தாக்கு கடக்க முடியாத இடம். வெப்பமண்டல மலைகளில் இது இன்னும் கடுமையாக இருக்கும் என்று சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1967-இல் எழுதினார். ஆண்டு முழுவதும் வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் வாழும் உயிரினத்துக்கு, தான் பழகிய அளவைத் தாண்டிய வெப்பத்தையோ குளிரையோ தாங்கும் அவசியம் வருவதில்லை; ஆகவே மிதவெப்ப நாட்டில் உள்ள அதே உயரக் கணவாயைவிட இங்குள்ள கணவாய் அதற்கு அதிகத் தடையாகிவிடுகிறது என்பது அவருடைய வாதம். பக்கத்துப் பக்கத்துச் சிகரங்களில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இரண்டு வண்டுகள், நீண்ட காலமாக ஒன்றோடொன்று கலக்காமலேயே இருந்திருக்கலாம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மலையில் வாழும் பூச்சிகளில் பறக்கும் திறனை இழந்தவை அடிக்கடி காணப்படும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு மலைகளில் உள்ள டெம்னோபிளெக்ட்ரான் என்ற சாணி வண்டுப் பேரினத்தில் பறக்கும் சிற்றினங்களும் உண்டு, பறக்காதவையும் உண்டு. பறக்காத வண்டை அறிய அதைத் திறந்து பார்க்கக்கூடத் தேவையில்லை. மேலிருந்து பார்த்தால், சிறகுறைகளின் (முதுகை மூடும் கெட்டியான முன்சிறகுகளின்) தோள்பட்டை புடைப்பு இல்லாமல் உருண்டு சரிந்திருக்கும். திருப்பிப் பார்த்தால், நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள மார்புத் தகடு குறுகியிருக்கும். பறக்கும் தசைக்கு அங்கே இடம் தேவைப்படாததால் வந்த குறுக்கம் அது. சிலவற்றில் இரண்டு சிறகுறைகளும் நடுக்கோட்டில் ஒட்டிப்போய்த் திறக்கவே திறக்காது. இந்த மூன்றையும் ஒரு வண்டில் கண்டால், அது வாழும் பரப்பு சிறியதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று உடனே ஊகிக்கலாம்.

ஆனால் பறக்காததாலேயே அது புதியது ஆகிவிடாது. ஒரே சிற்றினத்துக்குள் சிகரத்துக்குச் சிகரம் சின்னச் சின்ன வேறுபாடுகள் வருவது சகஜம். இரண்டு பக்கமும் தவறிழைக்க இடமுண்டு என்பதால்தான் மலை வண்டுகளில் அதிகக் கவனம் வேண்டியிருக்கிறது.

அதனால்தான் லேபிளை முழுமையாக எழுதும்படி வற்புறுத்துகிறேன். இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, சேகரித்தவர், சேகரித்த முறை: இவை அன்றைக்கே எழுதப்பட்டு, வண்டின் அதே ஊசியில் அதற்குக் கீழே செருகப்பட வேண்டும். “விளக்குப் பொறி” என்றோ “மாட்டுச் சாணம் வைத்த குழிப்பொறி” என்றோ ஒரு வரி இருந்தால் வண்டின் வாழ்க்கையைப் பற்றிய முதல் தகவல் அதிலேயே இருக்கிறது. ஒரு மலைத்தொடரின் பெயரை மட்டும் எழுதிய பழைய லேபிள்கள் உண்டு. அந்த வண்டு 600 மீட்டரில் கிடைத்ததா 2,400 மீட்டரில் கிடைத்ததா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. சேகரிக்க அனுமதி தேவைப்படும் காடு என்றால் அந்த அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். அது இல்லாத மாதிரியைப் பொறுப்பான அருங்காட்சியகங்கள் ஏற்காது.

எந்த அடையாளத்தை நம்பலாம்

நிறம்தான் முதலில் கண்ணில் படும். அதைத்தான் கடைசியில் நம்ப வேண்டும். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறி இருக்கும். உடல் இறுகி முழு நிறம் வர நாளாகும். ஹெர்குலஸ் வண்டின் சிறகுறை காற்று உலர்ந்திருக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாகவும், ஈரப்பதம் கூடும்போது கருப்பாகவும் மாறும். ஒரே வண்டு, ஒரே நாளில்.

மெக்சிகோ, நடு அமெரிக்க மலைக்காடுகளில் அதிகமாக வாழும் கிரைசினா பேரினத்து வண்டுகள் பொன்னும் வெள்ளியுமாக மின்னும். சாயத்தால் வரும் நிறம் இல்லை அது. மேலோட்டின் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே திரும்பித் திரும்பி அடுக்கப்பட்டிருப்பதால், பட்டுத் திரும்பும் ஒளியே அப்படி மாறிவிடுகிறது. இந்த வண்டுகளில் ஒன்று திருப்பி அனுப்பும் ஒளி வட்டமாகச் சுழலும் அலையாக இருப்பதை இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கேல்சன் 1911-இலேயே கவனித்தார். இதே பேரினத்தைச் சேர்ந்த, அரிசோனா மலைகளில் ஜூனிப்பர் இலை தின்று வாழும் கிரைசினா குளோரியோசாவை அப்படிச் சுழலும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி வழியாகப் பார்த்தால் பச்சை நிறம் அப்படியே மங்கிப்போகும். பார்க்கப் பார்க்க அலுக்காத நிறம் இது. ஆனால் வெளிச்சமும் கோணமும் மாறினால் புகைப்படத்தில் வேறாகத் தெரியும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து இரண்டு சிற்றினங்களைப் பிரிக்கத் துணியக்கூடாது.

அளவும் கொம்பும் அடுத்த பொறி. ஆன்தோபேகஸ் டாரஸ் என்ற சாணி வண்டில், புழுவாக இருக்கும்போது போதிய சாணம் கிடைத்துப் பெரிதாக வளர்ந்த ஆணுக்குத் தலையில் நீண்டு வளைந்த இரண்டு கொம்புகள் இருக்கும். உடல் ஓர் அளவுக்குக் கீழே நின்றுபோன ஆணுக்குக் கொம்பு பெயரளவுக்குத்தான். இடைப்பட்ட கொம்புள்ளவை குறைவு. இந்த இரண்டு ஆண்களையும் ஒரு பெண்ணையும் தெரியாதவர் கையில் கொடுத்தால் மூன்று சிற்றினம் என்று சொல்வதில் வியப்பில்லை. கொம்புள்ள ஸ்கராப் என்றால் பெரிய ஆண், சிறிய ஆண், பெண் மூன்றும் கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

தேய்மானத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மண்ணைத் தோண்டித் தோண்டி வயதான வண்டின் முன்கால் பற்கள் மழுங்கி, கூர்மையான மூன்று பற்கள் இருந்த இடத்தில் மூன்று மேடுகள் மட்டும் மிஞ்சும். முகத்தகட்டின் விளிம்பும் தேயும். முன்மார்புத் தகட்டில் இருந்த மயிர்கள் உதிர்ந்துவிடும். “மயிர் இல்லை” என்று எழுதுவதற்கு முன், மயிர் முளைத்திருந்த புள்ளிகள் அங்கே இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். புள்ளி இருந்தால் மயிரும் இருந்திருக்கிறது.

சரி, எதைத்தான் நம்புவது? முன்மார்புத் தகட்டில் உள்ள குழிப்புள்ளிகளின் அளவும் நெருக்கமும், சிறகுறையின் நெடுக்குக் கோடுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும், வால்தகட்டின் வடிவம், கால்நகங்களின் பிளவு என்று நிறைய இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது ஆணின் இனப்பெருக்க உறுப்பு. விளக்குக்கு வரும் பழுப்பு வண்டுகளில் செரிசினி என்று ஒரு கூட்டம் உண்டு. வெளித்தோற்றத்தில் ஒன்றை ஒன்றிலிருந்து பிரிப்பது மிகக் கடினம், பல சிற்றினங்களை இந்த உறுப்பைப் பார்த்தே உறுதிசெய்கிறார்கள்.

பார்க்கும் முறை இது. காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்தால் மூட்டுகள் இளகும். வயிற்றின் பின்நுனியை மெல்லத் திறந்து, நுனி வளைத்த மெல்லிய ஊசியால் உறுப்பை வெளியே இழுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தசையைக் கரைக்க நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து, பிறகு நீரில் கழுவி, கிளிசரினில் மிதக்கவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அடியில் ஒரு குழல், அதன் நுனியில் பாராமியர் எனப்படும் இரண்டு கடினமான மடல்கள் தெரியும். அந்த மடல்கள் இரண்டும் ஒரே மாதிரியா, ஒன்று நீண்டு மற்றது வளைந்ததா, நுனி கூரா, மொண்ணையா, கொக்கியா? மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம் கட்டாயம் வேண்டும். ஆன்தோபேகஸ் போன்றவற்றில் உள்ளே மடிந்திருக்கும் பையையும் வெளியே எடுத்து, அதிலுள்ள சிறு தகடுகளையும் வரைகிறார்கள். பார்த்து முடிந்ததும் உறுப்பை அட்டையில் ஒட்டியோ சின்னக் குப்பியில் கிளிசரினோடு போட்டோ, அதே வண்டின் ஊசியில் சேர்த்துவிட வேண்டும். தனியே போனால் அது எந்த வண்டுடையது என்பதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும்.

இதைப் படித்ததும் ஒன்று புரிந்திருக்கும். அழகாக எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துப் பல மலை வண்டுகளுக்குச் சிற்றினப் பெயர் சொல்ல முடியாது. பேரினம் வரை சொன்னால் அதுவே நேர்மையான பதில். படம் மட்டும்தான் எடுக்க முடியும் என்றால் மேற்புறம், பக்கவாட்டு, முகம், அடிப்புறம், விரிந்த முன்கால் ஐந்தையும் எடுங்கள். மேற்புறப் படம் ஒன்றைவிட எவ்வளவோ உதவும்.

புதியதுதானா என்று சோதிப்பது

விலங்குகளின் அறிவியல் பெயர்கள் லின்னேயஸ் எழுதிய ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கணக்கில் வருகின்றன. அன்றிலிருந்து அந்தப் பேரினத்தில் வைக்கப்பட்ட எல்லாப் பெயர்களையும், இப்போது பயன்பாட்டில் இல்லாத இணைப்பெயர்களையும் (ஒரே சிற்றினத்துக்கு வைக்கப்பட்ட வேறு பெயர்கள்) சேர்த்து, பட்டியல் போட வேண்டும். வழக்கொழிந்த ஒரு பழைய பெயர் உங்கள் வண்டுக்கே உரியதாக இருந்துவிடலாம். அப்படியானால் அந்தப் பழைய பெயர்தான் செல்லும். நீங்கள் புதிதாகப் பெயர் வைக்க இடமில்லை.

பழைய விவரிப்புகள் பலவும் இரண்டு மூன்று வரிகள்தான், அதுவும் லத்தீனில். “கருப்பு, பளபளப்பு, குழிப்புள்ளி உள்ளது” என்றால் அது நூறு வண்டுக்குப் பொருந்தும். அப்போது சொற்களை விட்டுவிட்டு, அந்தப் பெயருக்கு அடிப்படையான மாதிரியையே தேடிப் போக வேண்டும். அதை மூல மாதிரி என்கிறோம். லண்டன், பாரிஸ், பெர்லின் போன்ற இடங்களின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் பழைய ஸ்கராப் மூல மாதிரிகள் ஏராளமாக இருக்கின்றன. நேரில் போக முடியாவிட்டால் நல்ல படங்கள் கேட்டு எழுதலாம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு எழுதிய பெயர்களே பிற்பாடு இணைப்பெயர்களாகிக் குப்பை சேர்க்கின்றன.

டி.என்.ஏ.வும் உதவும். காலிலிருந்து எடுத்த சிறு துண்டு போதும். விலங்குகளில் வழக்கமாக ஒப்பிடப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் 658 எழுத்துகள் நீளமுள்ள ஒரு பகுதியைப் படிப்பார்கள். கொம்பில்லாத பெண்ணை அதன் ஆணோடு இணைக்கவும், புழுவை அதன் வண்டோடு இணைக்கவும் இதைவிட எளிய வழி கிடையாது. எத்தனை எழுத்து வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்பதற்கு மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை. உடலமைப்பு, மரபணு, வாழிடம் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டினால் தைரியமாக எழுதலாம்.

எழுதும்போது

விவரிப்புக் கட்டுரையில் உயிரான பகுதி, வேறுபாடு காட்டும் பத்தி. நீண்ட விவரிப்பு முடியிலிருந்து அடிவரை எல்லாவற்றையும் சொல்லும். இந்தச் சின்னப் பத்தி, அண்டைச் சிற்றினத்திலிருந்து இதைப் பிரிக்கும் நான்கைந்து அடையாளங்களை மட்டும் சொல்லும். “முன்மார்புத் தகடு நன்றாகக் குழிப்புள்ளி கொண்டது” என்பது யாருக்கும் உதவாத வாக்கியம். “முன்மார்புத் தகட்டின் நடுவில் குழிப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம் ஒரு புள்ளியின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, நெருங்கிய சிற்றினத்தில் புள்ளிகள் ஒன்றையொன்று தொடுகின்றன” என்று எழுதினால், உலகின் மறுமூலையில் இருப்பவரும் தன் வண்டை எடுத்துச் சரிபார்க்கலாம். அளவுகளையும் அப்படியே: முகத்தகட்டின் முன்விளிம்பிலிருந்து சிறகுறையின் நுனிவரை நீளம், அதிகபட்ச அகலம், எத்தனை வண்டுகளை அளந்தது என்ற எண்ணிக்கை.

விலங்கியல் பெயரிடலுக்குப் பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. 1930-க்குப் பிறகு வைக்கும் பெயருக்கு, வேறுபடுத்தும் அடையாளங்களைச் சொற்களில் சொல்ல வேண்டும் அல்லது அப்படிச் சொன்ன வெளியீட்டைச் சுட்ட வேண்டும். 2000 முதல், புதிய சிற்றினம் என்றால் மூல மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். 2012 முதல் மின்னிதழில் மட்டும் வெளியிடவும் இடமுண்டு, ஆனால் அந்த வெளியீட்டை விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பெயர் லத்தீன் எழுத்தில் அமையும். அதே பேரினத்தில் ஏற்கெனவே வேறொன்றுக்கு இருக்கக்கூடாது. மலையின் பெயரை வைக்கலாம், ஓர் அடையாளத்தின் பெயரை வைக்கலாம், ஒருவரைக் கௌரவிக்கலாம். எனக்குப் பிடித்தது அடையாளப் பெயர்தான், பெட்டியைத் திறந்ததும் எங்கே பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

மூல மாதிரியாக, அடையாளங்கள் தெளிவாகத் தெரியும், தேயாத ஓர் ஆண் வண்டைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். உடன் கிடைத்த மற்றவற்றைத் துணை மாதிரிகளாக வெவ்வேறு அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்பினால் ஓரிடத்தில் தீயோ பூச்சியோ அழித்தாலும் மற்றவை மிஞ்சும். ஒரே ஒரு வண்டை வைத்துப் புதிய சிற்றினம் விவரிக்க விதி தடை சொல்வதில்லை. என் கருத்தில், முடிந்தால் வேறொரு பருவத்தில் இன்னொரு முறை போய்த் தேடிவிட்டு எழுதுவது நல்லது. ஒற்றை வண்டில் எது நிலையானது, எது அந்த ஒன்றுக்கு மட்டும் நேர்ந்தது என்று பிரிக்க வழியில்லை. காடு அழிந்துகொண்டிருக்கும் சிறிய சிகரமாக இருந்தால் காத்திருக்காமல் எழுதிவிடலாம், பெயர் இல்லாத ஒன்றைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது கடினம்.

தெரியாததையும் கட்டுரையில் தெளிவாக எழுத வேண்டும். “பெண் அறியப்படவில்லை”, “புழு அறியப்படவில்லை”, “2,100 மீட்டருக்கு மேலே தேடப்படவில்லை” என்ற வரிகளைச் சேர்க்கத் தயங்க வேண்டாம். அதே மலைக்கு அடுத்து ஏறுபவர் எதைத் தேட வேண்டும், எந்த உயரத்தில் பொறி வைக்க வேண்டும் என்று அந்த வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.